உடம்பும் உயிரும்: செஞ்சி முதல் ஆவடுதுறை வரை

திங்கள், செஞ்சி

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்கிவிட்டு அப்படியே திருவண்ணாமலைக்குப் பஸ் பிடித்துவிடுகிறார்கள். சிங்கவரம் போகும் வழியில் இருக்கிற திருநாதர்குன்றுக்கு வருகிறவர்கள் குறைவு. பெரிய மலையெல்லாம் இல்லை. மேலே ஒரு பெரும்பாறையின் முகப்பில் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்களும் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது அங்கே இருக்கும் கல்வெட்டை. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் என்கிறது அது. பெயர், நாள் கணக்கு, நோன்பிருந்து இறந்த இடத்தைக் குறிக்கும் 'நிசீதிகை' என்ற சொல், அவ்வளவுதான். புகழ்ச்சியாக ஒரு வார்த்தை கிடையாது. எழுத்தின் வடிவத்தை வைத்து 5, 6ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். பல நூற்றாண்டு கழித்து இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து இதே குன்றில் முடிந்திருக்கிறார். அதற்கும் கல்வெட்டு உண்டு.

கூட வந்திருப்பவர் என் தாய்மாமா. அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு திருமந்திரம் படிக்க ஆரம்பித்து அதிலேயே மூழ்கிவிட்டார். உடம்பையும் உயிரையும் பற்றித் தமிழில் நடந்த வாக்குவாதங்களை அவை நடந்த ஊர்களிலேயே போய் யோசிக்கலாம் என்று நான் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்வெட்டை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "தண்ணி மட்டும் குடிச்சிருந்தா அவ்வளவு நாள் தாங்கும் மாப்ளே. முதல்ல கொழுப்பு கரையும். அப்புறம் தசை. கடைசியில கண்ணு மங்கும், தலையைத் தூக்க முடியாது" என்றார்.

சமணர்களின் கணக்குப்படி உயிர் உடம்பு முழுக்க நிறைந்திருக்கும் ஒன்று. யானைக்குள் யானையளவு, எறும்புக்குள் எறும்பளவு. வினை என்பதும் அவர்களுக்கு வெறும் கருத்து இல்லை. உயிரின்மேல் படிகிற மிக நுண்ணிய பொருள். புதிதாகப் படியாமல் தடுப்பது ஒன்று, படிந்ததை உதிர்ப்பது ஒன்று. உண்ணாநோன்பு இரண்டாவதற்கு உதவுகிறது. ஆனால் நினைத்த மாத்திரத்தில் எவரும் சல்லேகனை என்ற இந்த உயிர்விடும் நோன்பில் உட்கார்ந்துவிட முடியாது. தீராத நோய், தள்ளாத மூப்பு, தப்ப வழியில்லாத பஞ்சம் போன்ற நிலை வந்திருக்க வேண்டும். சாக வேண்டும் என்ற ஆசைகூட நோன்பைக் கெடுத்துவிடும். 2015இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இதைத் தற்கொலை என்று சொல்லித் தடை போட்டது. அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

என்னால் அதைத் தற்கொலை என்று சொல்ல முடியவில்லை. அதே சமயம், பசியில் ஒரு மனிதர் 57 நாள் கரைவதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்களின் மனதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. யாரோ ஒருவர் நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். உயிரைப் பற்றி ஒருவர் என்ன நினைத்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் உடம்பை என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். இந்தப் பயணம் முழுக்க அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

செவ்வாய், திருவெண்ணெய்நல்லூர்

"பித்தா பிறைசூடி" என்று சுந்தரர் முதலில் பாடிய ஊர். கோயிலில் அதற்காகத்தான் கூட்டம். எங்களுக்கு வேண்டியவர் 13ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மெய்கண்டார். பெண்ணாகடத்தில் பிறந்து, இந்த ஊரில் மாமன் வீட்டில் வளர்ந்தவர் என்று வரலாறு சொல்கிறது. அதைச் சொன்னதும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. அதில் மூன்றாம் சூத்திரம் முழுவதும் ஒரே கேள்விக்கான பதில்: உடம்புக்குள் உயிர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

உளதில தென்றலின் எனதுடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில்
உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா

ஒவ்வொரு துண்டும் ஒரு கட்சியை மறுக்கிறது. 'எதுவுமே இல்லை' என்று சொல்கிறாயா, அப்படிச் சொல்கிற அறிவு ஒன்று இருக்கிறதே. உடம்புதான் உயிர் என்கிறாயா, 'என் உடம்பு' என்று ஏன் சொல்கிறாய்? 'என் வீடு' என்று சொல்கிறவன் வீடாக இருக்க முடியாதே. புலன்கள்தான் உயிர் என்றால், கண்ணுக்குச் சத்தம் தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. ஐந்தையும் சேர்த்து அறிவது யார்? இப்படிப் போய் ஐந்தாவதில் மூச்சுக்கு வருகிறார். தூங்குகிறவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் உண்பதும் இல்லை, செய்வதும் இல்லை. அதனால் மூச்சும் உயிர் இல்லை.

குளக்கரையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மாமா இடைமறித்தார்.

"இதுக்குத் தூக்கம்கூட வேண்டாம் மாப்ளே. மயக்க மருந்தோட தசையைத் தளர்த்துற மருந்தும் போட்டுட்டா மூச்சே நின்னுடும். நாங்க பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுப்போம், அப்புறம் மெஷின்ல மாட்டிடுவோம். நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், மானிட்டர்ல எல்லாம் சரியா ஓடும். ஆனா அந்த ஆள் அங்க இல்ல. மூணு மணி நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்து, 'எப்போ சார் ஆரம்பிப்பீங்க'ன்னு கேட்பாங்க. எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க."

"அப்ப அவங்க எங்க இருந்தாங்க மாமா?"

"அதான் எனக்கும் தெரியல. ஆனா கடைசித் துண்டு சரியா இருக்கு பாரு. உணர்த்த உணர்தலின். மருந்து இறங்கினதும் நாங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கூப்பிட்டாத்தான் வருவாங்க."

மெய்கண்டார் சொல்ல வந்தது வேறு. உயிர் தானாக எதையும் அறிவதில்லை, இறைவன் அறிவித்தால் அறியும்; அதனால் உயிரே இறைவன் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய ஒருவருக்கு அந்த வரி அப்படித் திறந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

'எனதுடல்' என்ற வாதம் மட்டும் எனக்கு முழுக்க ஒட்டவில்லை. 'என் உயிர்' என்றும்தானே சொல்கிறோம்? அப்படியானால் உயிரும் நான் இல்லையா? மாமாவிடம் கேட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

புதன், வடலூர், மேட்டுக்குப்பம்

சத்திய ஞான சபையின் வாசலில் புலை கொலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. என்ன தின்றாய், எதைக் கொன்றாய் என்று மட்டும் கேட்கிறது. எண்கோண மண்டபம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு. உயிரின் ஒளியை மறைக்கிற ஏழு மறைப்புகள். 1872 தைப்பூசத்தில் முதல் தரிசனம் நடந்தது.

ஆனால் சபை வருவதற்கு முன்பே வள்ளலார் கட்டியது சோற்றுச் சாலை. 1867 மே 23இல் தருமசாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். போய்ப் பார்த்தோம். பெரிய பெரிய பாத்திரங்கள், பக்கத்தில் விறகு, சுவரெல்லாம் புகைக் கருப்பு. பரிமாறுகிற அம்மா ஒருவர் எங்கள் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, "எந்த ஊருப்பா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்வதற்குள் சோறு விழுந்துவிட்டது. சாம்பார் நல்ல சூடு. எங்களுக்கு எதிரில் ஒரு பெரியவர், தோளில் ஒரு சாக்குப் பை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது முறை சோறு கேட்டபோது அந்த அம்மா இன்னும் கொஞ்சம் சேர்த்தே போட்டார்.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் பசியைப் பற்றி வள்ளலார் எழுதியிருப்பதைப் போல வேறு எந்தத் தத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. பசி முற்றினால் கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நா உலர்கிறது, கைகால் துவள்கிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதற்கு முன்னால் ஒரு வரிசை வைக்கிறார்: பசியால் உயிரின் அறிவு மயங்குகிறது, அது மயங்கினால் அறிவுக்கு அறிவாகிய கடவுள் விளக்கமும் மறைகிறது. ஒருவன் வயிறு காய்ந்தால் அவனுக்குள் இருக்கும் கடவுள் மங்குகிறது என்கிறார். ஆன்மாவைப் பற்றி ஆயிரம் பேர் பேசியிருக்கிறார்கள். அதைச் சோற்றோடு இவ்வளவு நேராகக் கட்டியவர் இவர்.

மாமா மெல்ல, "திங்கக்கிழமை நான் சொன்னதும் இதானே, கண்ணு மங்கும்னு" என்றார். சந்திரநந்திக்கு எது வினை உதிர்கிற வழியோ, அதே அறிகுறிகள் வள்ளலாருக்கு உயிரின் ஒளி அணைகிற அடையாளம். இதில் நான் வள்ளலார் பக்கம். நோன்பிருக்கிறவர் தானாகத் தேர்ந்தெடுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

சாயங்காலம் மேட்டுக்குப்பம். சித்தி வளாகத்தில் அந்த அறை பூட்டியிருந்தது. 1874 ஜனவரி 30 இரவு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்; அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் அதிகாரிகள் வந்து திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்பது இங்கே எல்லாரும் சொல்வது. உடம்பே ஒளியாகிவிட்டது என்று அன்பர்கள் நம்புகிறார்கள். உடம்பை விட்டு உயிர் விடுபட வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்க, இவர் உடம்போடு சேர்ந்தே சாகாமல் இருக்க வழி தேடினார். இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்றும் சொன்னவர் அவர்தான். உடம்பின்மேல் அவருக்கு இருந்த மரியாதை அந்தச் சொல்லிலும் தெரிகிறது.

வியாழன், சிதம்பரம்

மழை. கோயிலில் இரண்டு மணி நேரம்தான் இருக்க முடிந்தது.

இந்தக் கோயிலை மனித உடம்பாகவே படிக்கிற மரபு எல்லாருக்கும் தெரிந்ததுதான். பொற்கூரையில் 21,600 ஓடுகள், ஒரு நாளில் விடுகிற மூச்சு. 72,000 ஆணிகள், நாடிகள். மாமா மனக்கணக்குப் போட்டார். நிமிஷத்துக்கு 15 வீதம் ஒரு நாளைக்குச் சரியாக 21,600 வருகிறது. "நாங்களும் மெஷின்ல பன்னெண்டுலேருந்து பதினஞ்சுக்குள்ளதான் வைப்போம்" என்றார்.

"உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்" என்ற திருமந்திரத்தைக் கனகசபைக்கு எதிரே நின்று முழுதாகச் சொன்னார். வாய் கோபுர வாசல், ஜீவன் சிவலிங்கம், ஐந்து புலனும் விளக்கு. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் திரும்பிக் கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

வெள்ளி, திருவெண்காடு, பூம்புகார்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பட்டினத்தார் இந்தத் திருவெண்காட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டவர். உடம்பை அவர் போலத் திட்டியவர் தமிழில் இல்லை. மலம், சீழ், புழு, நாற்றம். அதிலும் பெண்ணுடம்பைப் பற்றி அவர் பாடியவற்றை நான் ஏற்கவே மாட்டேன். ஆசை தன்னுடையது, வசவு மட்டும் அவளுக்கா?

அதே மனிதர் தாய் இறந்தபோது பாடியதைப் பாருங்கள்.

வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்
கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து - முட்டச்
சிறகிலிட்டுக் காப்பாற்றிச் சீராட்டிய தாய்க்கோ
விறகிலிட்டுத் தீமூட்டு வேன்

எல்லாமே உடம்பு. மார், தோள், தூக்கிய கை. உடம்பு வெறும் ஊத்தை என்றால் அதை விறகில் வைக்க ஏன் இவ்வளவு தவிப்பு? தத்துவமாகப் பேசும்போது சொன்னதைவிட, கொள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதைத்தான் நான் நம்புகிறேன்.

பூம்புகாரில் பல்லவனீச்சுரத்தில் தோண்டியெடுத்த பௌத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. மணிமேகலை உலவிய ஊர். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டைச் சொல்லும்போது அந்தக் காப்பியம் ஐந்து வழிகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது: சுடுவோர், இடுவோர், தோண்டிய குழியில் கிடத்துவோர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர். ஒரே ஊரில், ஒரே காலத்தில், பிணத்தை என்ன செய்வது என்பதில் ஐந்து பதில்கள். யாரும் யாரையும் தடுத்ததாகச் செய்தி இல்லை.

பிறகு வஞ்சியில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய்க் கேட்கிறாள். நிலம், நீர் போன்ற பூதங்கள் மட்டுமே உண்டு என்கிற பூதவாதி சொல்வது இன்றைய மூளை அறிவியல் பேசுகிறவர்கள் சொல்வதற்கு வெகு அருகில் நிற்கிறது. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால் அதுவரை இல்லாத போதை பிறக்கிறதல்லவா, அப்படித்தான் பூதங்கள் கூடியதும் உணர்வு பிறக்கிறது. தனியாக உயிர் கிடையாது. கண்ணால் கண்டது மட்டுமே பிரமாணம், அதாவது அறிவதற்கான வழி. மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்: அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

அருமையான கேள்வி. ஆனால் அது பூதவாதியின் பிரமாணத்தைத்தான் அடிக்கிறது, போதை உவமையை அடிக்கவில்லை. அந்த உவமைக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. 'என் உயிர்' கேள்வியை மாமாவிடம் மறுபடி எடுத்தேன். "பேச்சு வழக்கை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது மாப்ளே, மெய்கண்டாரா இருந்தாலும்" என்று ஒப்புக்கொண்டார்.

சனி, திருவாவடுதுறை

காலையில் சீவாளி செய்யும் ஒரு வீட்டுக்குப் போனோம். நாதஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளிக்கு இந்த ஊர் பேர் போனது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊராயிற்றே. கொறுக்கைத் தட்டையை வெட்டி, பதப்படுத்தி, நசுக்கி, நூலால் கட்டி, நுனியைச் செதுக்குகிறார்கள். செய்தவர் ஒன்றை நாக்கில் நனைத்து ஊதிக் காட்டினார். அந்தத் துண்டுத் தட்டையிலிருந்து வந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

பிறகு கோயில். பிராகாரத்தில் திருமூலர் சந்நிதி. கதை தெரிந்ததுதான்: கைலாயத்திலிருந்து வந்த யோகி ஒருவர், சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடப்பதையும், மாடுகள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். தன் உடம்பை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுகிறார். மாடுகள் துள்ளுகின்றன. அவற்றை வீடு சேர்க்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பைக் காணவில்லை. மூலன் உடம்பிலேயே அரசமரத்தடியில் அமர்ந்து ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடுகிறார்.

"உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன், உடம்பினுக் குள்ளே உறுபொருள் கண்டேன்" என்று பாடியவர் இரவல் உடம்பில் இருந்தவர். "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்றதும் அதே இரவல் உடம்பைத்தான். முன்பு இழுக்கு என்று நினைத்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கருத்தை மாற்றிக்கொண்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிவவாக்கியரோ "உடைந்துபோன சங்கின் ஓசை உயிர்களும் உடற்புகா" என்று அடித்துச் சொல்கிறார். வெளியே போன உயிர் எந்த உடம்பிலும் நுழையாது, இறந்தவர் பிறப்பதும் இல்லை. ஒரே சித்தர் மரபுக்குள் இவ்வளவு தூரம்!

ஆனால் எனக்கு இந்தக் கதையில் நடுவில் வருகிற ஒருத்தியைத் தாண்டிப் போக முடிவதில்லை. சேக்கிழார் அவளுக்குப் பெயர் தரவில்லை. மூலனின் மனைவி. பிள்ளையும் இல்லை, உறவும் இல்லை என்கிறார். இருட்டியும் கணவன் வராததால் தேடி வருகிறாள். நிற்கிறான். தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறார் உள்ளே இருப்பவர். மறுநாள் ஊர்ச் சான்றோரிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் சிவயோகத்தில் இருப்பவர் என்று முடிவு சொல்லி அவளை அழைத்துப் போகிறார்கள்.

அவள் சொன்னதில் என்ன பிழை? அவளுக்குத் தெரிந்த முகம், தெரிந்த கை, தெரிந்த குரல். 'எனதுடல்' என்று மூலன் சொல்லிக்கொண்டிருந்தானே, அந்த உடல் அவளுக்கும் உரியதுதானே?

இதை மாமாவிடம் சொன்னபோது வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் ஐசியூவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். விபத்தில் மூளைச்சாவு அடைந்தவர்கள். சட்டப்படி நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். அதில் ஒரு சோதனை, வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, தானாக மூச்சு எழுகிறதா என்று பார்ப்பது. எழாது. மறுபடி மெஷினை மாட்டியதும் நெஞ்சு ஏறி இறங்கும். உடம்பு சூடாக இருக்கும். மனைவி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சூடா இருக்கே சார், மூச்சு விடுறாரே என்பார்.

"அது அவர் இல்லன்னு சொல்லணும் மாப்ளே. டாக்டர் சொல்வார், நாங்க பக்கத்துல நிப்போம். சரியாத்தான் சொல்றோம். ஆனா அந்தம்மா தொட்டுப் பார்த்ததும் பொய் இல்ல. உறுப்பு தானம் பத்திப் பேசறதெல்லாம் அதுக்கப்புறம். சில பேருக்கு அந்த மூச்சுச் சோதனையைக் கண் முன்னாலயே செஞ்சு காட்டுவாங்க. பார்த்துட்டு, இன்னொரு தடவை காட்டுங்கன்னு ஒருத்தர் கேட்டாங்க."

"காட்டினீங்களா?"

"ரெண்டாவது சோதனை எப்படியும் இருக்கே. அதுவரைக்கும் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார வச்சோம். சாத்தனூர்ச் சான்றோரும் அதைச் செஞ்சிருக்கலாம். உடனே கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது."